ஏ.சி.எல். அறுவைக்குப் பின் ஐந்தாவது மாதம்: வலி இல்லை, கபடி ஆடலாமா?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வயது 23, மாவட்ட அளவில் ஆடும் கபடி ரைடர். ரைடு போய்த் திரும்பும்போது வலது முழங்கால் பிசகி, முட்டிக்குள் தொடை எலும்பையும் கால் எலும்பையும் பிணைக்கும் ஏ.சி.எல். ஜவ்வு முழுதாகக் கிழிந்தது. தொடையின் பின்பக்கத்திலிருந்து நாண் எடுத்துப் புது ஜவ்வு வைத்து ஐந்து மாதம் ஆகிறது. வலி இல்லை, படி ஏறி இறங்குகிறீர்கள், பைக் ஓட்டுகிறீர்கள். போன வாரம் மெதுவாக ஓடிப் பார்த்தீர்கள், மறுநாள் லேசாக வீங்கி வடிந்துவிட்டது. வலது தொடை மட்டும் இன்னும் மெலிந்திருக்கிறது. தை மாதம் ஊரில் பெரிய போட்டி. முட்டிக்கு கேப் போட்டுக்கொண்டு ஆடலாமா, எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடுமா, இதே ஜவ்வு கிழிந்த நண்பர் ஆபரேஷனே இல்லாமல் ஆடுகிறாரே என்று கேட்டிருக்கிறீர்கள். தழும்புக்குப் பக்கத்தில் மரத்துப் போயிருப்பதையும் கடைசியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள்.

இத்தனைக்கும் அடியில் இருக்கிற கேள்வி ஒன்றுதான்: வலி இல்லாத காலை வைத்துக்கொண்டு நான் ஏன் இன்னும் காத்திருக்க வேண்டும்? நான் பிசியோதெரபிஸ்ட். விளையாட்டுக் காயங்களையே, அதிலும் பெரும்பாலும் முழங்கால்களையே, பல வருடங்களாகப் பார்த்துவருகிறேன். உங்கள் காலைத் தொட்டுப் பார்க்கவில்லை, ஆபரேஷன் குறிப்பையும் படிக்கவில்லை. அந்த வரம்புக்குள் நின்று என் பதில்: தை மாதம் வேண்டாம். சித்திரை, வைகாசியில் கோயில் திருவிழாவை ஒட்டி நடக்கும் போட்டிகளைக் குறி வையுங்கள், அதுவும் சில பரிசோதனைகளில் தேறினால். உங்களைப் போன்றவர்கள் ஒன்பது மாதத்துக்கு முன் களத்தில் இறங்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மற்ற சிலவற்றில் சந்தேகம் உண்டு, அங்கங்கே சொல்கிறேன்.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம். உங்கள் முட்டியில் வைத்திருப்பது ஜவ்வு அல்ல, தசைநாண். தொடை எலும்பிலும் கால் எலும்பிலும் துளை போட்டு, அந்த நாணை மடித்து உள்ளே இழுத்து, இரண்டு பக்கமும் ஸ்க்ரூவோ பட்டனோ வைத்து நிறுத்தியிருப்பார்கள். நான்காக மடித்த இந்த நாணை ஆய்வுக்கூடத்தில் இழுத்துப் பார்த்தால், பிறவி ஜவ்வைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விசையைத் தாங்கும். அதனால் அறுவை முடிந்த அன்று அது பலமான பொருள்தான். ஆனால் அதற்கு ரத்த ஓட்டம் கிடையாது. அடுத்து வரும் வாரங்களில் நாணில் இருந்த பழைய செல்கள் செத்துப்போகும், புது ரத்தக் குழாய்கள் உள்ளே வளரும், நார்கள் கரைந்து மறுபடி அடுக்கப்படும். வயலில் நட்ட நாற்று முதலில் வெளிறி, வேர் பிடித்த பிறகு பச்சை கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள், இதுவும் அப்படித்தான். விலங்குகளில் செய்த ஆய்வுகளில் ஆறாவது வாரம் முதல் பன்னிரண்டாவது வாரம் வரை அது மிகவும் பலவீனமாக இருக்கிறது. மனிதர்களில் இந்த மாற்றம் இன்னும் மெதுவாகவே நடக்கிறது என்று, பின்னாளில் எடுத்துப் பார்த்த திசுத் துணுக்குகள் காட்டுகின்றன. முழுதாக முதிர ஒரு வருடம், சிலருக்கு இரண்டு வருடம்கூட ஆகலாம். எந்த வாரத்தில் எத்தனை சதவீத பலம் என்று மனிதர்களில் அளக்க வழியில்லை. ஆகவே துல்லியமாகத் தேதி சொல்பவரை நம்ப வேண்டாம்.

இந்த வேலை நடக்கும்போது வலிக்காது. அதுதான் இந்தக் காயத்தின் பெரிய ஆபத்து. மூன்றாவது நான்காவது மாதத்திலேயே தினசரி வாழ்க்கை சகஜமாகிவிடும். நடப்பதும் படி ஏறுவதும் புது ஜவ்வின் மேல் பெரிய பாரம் ஏற்றுவதில்லை. கபடியில் ஒரே காலில் ஊன்றி உடம்பைச் சட்டென்று திருப்புவதும், கார்னரில் இருப்பவர் கணுக்காலைப் பிடித்தபின் கோட்டுக்கு இழுத்துக்கொண்டு வருவதும் முற்றிலும் வேறு வகைப் பாரம். ஏ.சி.எல். பெரும்பாலும் யாரும் மோதாமலேயே, இப்படித் திரும்பும்போதும் குதித்து இறங்கும்போதும்தான் கிழிகிறது. மண் தரையில் கால் கொஞ்சம் வழுக்கும். மேட் விரித்த களத்தில் ஷூ பிடித்து நிற்கும், உடம்பு திரும்பும், முட்டி நடுவில் மாட்டிக்கொள்ளும்.

சரி, ஒன்பது மாதம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? நார்வேயில் 106 பேரை இரண்டு வருடம் தொடர்ந்து பார்த்து 2016-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. திரும்பித் திரும்பி ஓடும் விளையாட்டுகளுக்குப் போனவர்களில், ஒன்பது மாதம் வரை தள்ளிப்போட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் மறுகாயம் 51 சதவீதம் குறைந்தது. ஒன்பது மாதத்துக்கு மேல் தள்ளிப்போட்டதால் கூடுதல் பலன் தெரியவில்லை. அதே ஆய்வில், பலப் பரிசோதனைகளில் தேறாமலே ஆடப் போனவர்களில் 38.2 சதவீதம் பேருக்கு மறுபடி முட்டியில் காயம், தேறிப் போனவர்களில் 5.6 சதவீதம். தேறியவர்களின் எண்ணிக்கை சிறியது என்பதால் இந்தக் கடைசி எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் 2020-இல் ஸ்வீடனில் இளம் விளையாட்டு வீரர்களைப் பார்த்தபோதும், ஒன்பது மாதத்துக்கு முன் திரும்பியவர்களுக்கு மறுகாயம் ஏறக்குறைய ஏழு மடங்கு அதிகம் என்று வந்தது. உங்கள் வயதும் சேர்ந்துகொள்கிறது. 25 வயதுக்குக் கீழே இருந்து விளையாட்டுக்குத் திரும்புகிறவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு மறுபடி ஏ.சி.எல். கிழிகிறது, சிலருக்கு அதே காலில், சிலருக்கு நன்றாக இருந்த காலில். 2016-இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொன்ன கணக்கு அது. இவை கால்பந்து, ஹேண்ட்பால், கூடைப்பந்து ஆடுபவர்களிடமிருந்து வந்த எண்கள். கபடியில் எதிராளி காலையே பிடித்து இழுக்கிறார். அதனால் ஆபத்து இதைவிடக் கூடுதலாக இருக்கும் என்பது என் கணிப்பு, நிரூபணம் அல்ல.

பெரிய வீரர்கள் சீக்கிரம் வரவில்லையா என்று கேட்பீர்கள். மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட் 2023 ஆகஸ்டில் ஏ.சி.எல். அறுவை செய்துகொண்டு, 2024 ஏப்ரலில் ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் வென்றார். எட்டு மாதம். கால்பந்து வீரர் நெய்மாருக்கு 2023 அக்டோபரில் கிழிந்தது, 2024 அக்டோபரில்தான் திரும்பி வந்தார். அவர்களுக்கு முழு நேர பிசியோ உண்டு, தினமும் அளந்து பார்க்கும் கருவிகள் உண்டு, பயிற்சியைத் தவிர வேறு வேலை கிடையாது. அந்த வசதியோடும் எட்டு மாதம், ஒரு வருடம் என்று எடுத்துக்கொண்டார்கள். நீங்கள் வேலைக்குப் போய்க்கொண்டு, சாயங்காலம் கிடைக்கும் நேரத்தில் பயிற்சி செய்துகொண்டு ஆறரை மாதத்தில் இறங்க நினைக்கிறீர்கள்.

உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது, ஓடிய மறுநாள் வீங்கியது என்ற வரி. நீங்கள் அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். முட்டி தன் மேல் ஏற்றிய பாரத்தைத் தாங்கவில்லை என்று சொல்லும் வழி அதுதான். முட்டிக்குள் கொஞ்சம் நீர் சேர்ந்தாலே தொடையின் முன் தசைக்கு நரம்பு வழியாகப் போகும் கட்டளை மட்டுப்படும். நல்ல முட்டிக்குள் உப்பு நீர் செலுத்திப் பார்த்த பரிசோதனைகளில்கூட அந்தத் தசை உடனே சோர்ந்துபோனது. அப்படியென்றால் வீக்கத்தோடு செய்யும் பயிற்சியால் தொடை வளராது. தொடை வளராத காலோடு ஓடினால் மறுபடி வீங்கும். இந்தச் சுழலில் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டவர்களை நிறையப் பார்க்கிறேன்.

ஆகவே தினமும் காலையில் எழுந்ததும் இரண்டு முட்டிகளையும் நீட்டி வைத்துப் பக்கத்தில் பக்கத்தில் பாருங்கள். முட்டிச்சில்லின் இரண்டு பக்கமும் இருக்கும் குழி நல்ல காலில் தெரிகிற மாதிரி வலது காலிலும் தெரிகிறதா? உட்பக்கக் குழியை மேல் நோக்கித் தடவிக் காலி செய்துவிட்டு, வெளிப்பக்கத்தில் மேலிருந்து கீழாகத் தடவினால் உட்பக்கம் மறுபடி உப்புகிறதா? உப்பினால் உள்ளே நீர் இருக்கிறது. முந்தின நாள் செய்ததைப் பாதியாகக் குறையுங்கள். ஓட்டத்தை இப்போதைக்கு நிறுத்துங்கள். வீக்கம் இல்லாமல் இரண்டு வாரம் பலப் பயிற்சி செய்ய முடிந்த பிறகு, ஒரு நிமிடம் ஓட்டம் இரண்டு நிமிடம் நடை என்று சமதரையில் ஆரம்பிக்கலாம். தொடை பலம் நல்ல காலில் 70 சதவீதத்தையாவது தொட்டிருப்பது நல்லது என்பது பலரும் பின்பற்றும் அளவு. இந்த 70-க்குப் பின்னால் இருப்பது ஆராய்ச்சியைவிட அனுபவம்தான் அதிகம். ஆனாலும் நான் கடைப்பிடிக்கிறேன்.

அப்புறம், கால் முழுதாக நீள்கிறதா? இதை நீங்கள் எழுதவில்லை. கட்டிலில் குப்புறப் படுத்து, முட்டிக்குக் கீழே இருக்கும் பகுதி விளிம்புக்கு வெளியே தொங்குகிற மாதிரி வைத்து, யாரையாவது குதிகால்களைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு குதிகால் மேலே நின்றால் அந்தக் கால் நீளவில்லை என்று அர்த்தம். ஒரு சென்டிமீட்டர் வித்தியாசம் ஏறக்குறைய ஒரு டிகிரி. வீட்டில் முட்டிக்குக் கீழே தலையணை வைத்துச் சுகமாகப் படுத்த பலருக்கு இந்தக் குறை தங்கிவிடுகிறது. குதிகாலுக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து, முட்டியை அந்தரத்தில் விட்டுப் பத்துப் பத்து நிமிடமாகப் பல முறை நீட்டினால் சரியாகலாம். ஐந்தாவது மாதத்திலும் நீளாமல், முன்பக்கம் ஏதோ இடிப்பது போல இருந்தால் உள்ளே வடுத் திசு முடிச்சாக வளர்ந்திருக்கலாம். அதை இழுத்துச் சரி செய்ய முடியாது, அறுவை செய்த மருத்துவர் பார்க்க வேண்டும்.

தொடை மெலிவுக்கு வருவோம். இன்னும் நாலைந்து மாதம் உங்களுக்கு இருக்கும் வேலையில் பெரும்பகுதி இதுதான். நம் ஊரில் பல இடங்களில் ஐந்தாவது மாதத்திலும் ஐ.எஃப்.டி. என்ற மின் சிகிச்சை, அல்ட்ராசவுண்ட் என்று மெஷின் வைத்து, கணுக்காலில் ஒரு கிலோ மணல் பை கட்டித் தூக்கச் சொல்லி, நிறைய வாக்கிங் போங்க என்று அனுப்பிவிடுகிறார்கள். முதல் சில வாரங்களில் தசையைச் சுருங்க வைக்கும் மின்தூண்டலால் பலன் உண்டு, அதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. ஆனால் இப்போது மெஷின் எதுவும் உங்கள் தொடையை வளர்க்காது. நடையும் வளர்க்காது. பாரம்தான் வளர்க்கும், அதுவும் வாரத்துக்கு வாரம் கூடும் பாரம்.

அதற்காக ஊரில் இருக்கும் சாதாரண ஜிம்மே போதும். வாரத்தில் மூன்று நாள், இடையில் ஒரு நாளாவது ஓய்வு. லெக் பிரஸ், ஸ்குவாட், பின்காலைப் பெஞ்சில் வைத்துச் செய்யும் ஒற்றைக்கால் ஸ்குவாட், படியிலிருந்து மெதுவாக இறங்கும் பயிற்சி, லெக் எக்ஸ்டென்ஷன். முடிந்தவரை ஒற்றைக் காலில் செய்யுங்கள். இரண்டு காலில் செய்தால் நல்ல கால் தனக்கே தெரியாமல் பாரத்தை வாங்கிக்கொள்ளும், கண்ணாடி முன்னால் நின்றால் இடுப்பு இடது பக்கம் சாய்வது தெரியும். ஒரு செட்டில் எட்டு முறை செய்தால், கடைசி இரண்டு முறை திணற வேண்டும். பத்தாவது முறையும் சுலபமாக வந்தால் எடையைக் கூட்டும் நேரம் வந்துவிட்டது. ஜிம் வசதி இல்லையென்றால் பழைய பள்ளிப் பையில் மணல் நிரப்பி முதுகில் மாட்டிக்கொண்டு ஒற்றைக்கால் ஸ்குவாட் செய்யுங்கள்.

லெக் எக்ஸ்டென்ஷன் செய்தால் புது ஜவ்வு தளர்ந்துவிடும் என்று யாராவது பயமுறுத்தலாம். அது பழைய விவாதம். ஆரம்ப மாதங்களில், அதிலும் தொடைப் பின்புற நாண் வைத்தவர்களுக்கு, எந்த வாரத்தில் எந்தக் கோணம் வரை அனுமதிக்கலாம் என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு இருக்கிறது. ஐந்து மாதம் ஆனவருக்கு, முட்டிச்சில்லுக்கு முன்னால் வலி வராத எடையில் செய்வதைத் தடுக்க நான் காரணம் காணவில்லை. அதைத் தவிர்த்தவர்களுக்குத்தான் முன்தொடை பின்தங்கிவிடுகிறது, ஏனென்றால் ஸ்குவாட்டில் இடுப்பும் பின்தொடையும் வேலையைப் பகிர்ந்துகொள்கின்றன. பின்தொடையையும் விடாதீர்கள். நாண் எடுத்தது அங்கிருந்துதான். எடுத்த நாண் பலருக்குத் திரும்ப வளர்கிறது, ஆனால் முட்டியை ஆழமாக மடக்கும்போது பழைய பலம் முழுதாக வருவதில்லை. கால் எலும்பு முன்னால் சறுக்காமல் பின்னுக்கு இழுத்துப் பிடிக்கிற தசையும் அதுதான். மல்லாந்து படுத்து ஒற்றைக் குதிகாலில் இடுப்பைத் தூக்குவது, நேர்முதுகோடு குனிந்து எடை தூக்குவது, லெக் கர்ல் ஆகிய மூன்றும் போதும்.

எப்போது தயார் என்று எப்படித் தெரியும்? முன்தொடை பலம் இடது காலில் 90 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இதைச் சரியாக அளக்கும் ஐசோகைனடிக் கருவி பெரிய ஊர்களில் சில மையங்களில்தான் இருக்கிறது. அது கிடைக்காவிட்டால் கையில் பிடித்து அளக்கும் டைனமோமீட்டர், அதுவும் இல்லாவிட்டால் லெக் எக்ஸ்டென்ஷனில் ஒவ்வொரு காலும் தனியாக எவ்வளவு தூக்குகிறது என்ற கணக்கு. நாற்காலியிலிருந்து ஒற்றைக் காலில் கை ஊன்றாமல் தொடர்ந்து 22 முறையாவது எழ முடிகிறதா என்றும் பாருங்கள். அப்புறம் ஒற்றைக்கால் தாவல்கள்: ஒரே தாவல், தொடர்ந்து மூன்று தாவல், கோட்டைக் குறுக்கே தாண்டித் தாண்டிப் போகும் தாவல். இவற்றிலும் 90 சதவீதம். இதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. ஒன்று, தாவலின் தூரத்தை இடுப்பும் கணுக்காலும் ஈடுகட்டிவிடும், முட்டி பலவீனமாக இருந்தாலும் எண் அழகாக வரும். ஆகவே தூரத்தோடு, இறங்கும்போது முட்டி மடங்கி அதிர்ச்சியை வாங்குகிறதா, உள்பக்கம் சரிகிறதா என்று மொபைலில் வீடியோ எடுத்துப் பாருங்கள். இரண்டு, ஐந்து மாதம் ஆடாததால் இடது காலும் மெலிந்திருக்கும். மெலிந்த காலோடு ஒப்பிட்டு 90 வாங்குவதில் அர்த்தமில்லை, இரண்டு காலையும் சேர்த்தே வளருங்கள். இவை எல்லாவற்றிலும் தேறினாலும் மறுபடி கிழியாது என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஆபத்தைக் குறைக்கிறோம், அவ்வளவுதான்.

தேறிய பிறகும் நேராகப் போட்டிக்குப் போகக் கூடாது. முதலில் ஆளில்லாத களத்தில் தனியாக ரைடு: பாதி வேகம், பிறகு முழு வேகம், பிறகு கோச் கை காட்டும் திசையில் சட்டென்று திரும்புவது. எந்தப் பக்கம் திரும்பப் போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்தால் முட்டி தப்பித்துவிடும், தெரியாமல் திரும்பும்போதுதான் உண்மையான சோதனை. அப்புறம் டிஃபெண்டர்கள் நிற்பார்கள், தொடுவார்கள், பிடிக்க மாட்டார்கள். அப்புறம் இடுப்புப் பிடி வரை. கணுக்கால் பிடியையும் தொடைப் பிடியையும் கடைசிக் கட்டத்துக்கு வையுங்கள், அதுவும் நம்பிக்கையான ஒருவர் மெதுவாகப் பிடித்துப் பழக்கட்டும். ஒவ்வொரு படியிலும் ஒரு வாரமாவது இருங்கள். மறுநாள் காலை முட்டி வீங்கினால் ஒரு படி கீழே. முதல் போட்டியில் முழு நேரம் ஆடாமல் சில ரைடுகள் மட்டும் போதும், களைத்த காலோடு கடைசி நிமிட ரைடுக்குப் போகாதீர்கள். இதைக் கோச்சிடம் இப்போதே சொல்லிவிடுங்கள். போட்டி அன்று ஒரு புள்ளியில் பின்தங்கி நிற்கும்போது சொன்னால் யார் காதிலும் ஏறாது.

கேப் பற்றி: துணி மாதிரியான அந்த உறை முட்டிக்குக் கதகதப்பும் ஒரு பிடிப்பு உணர்வும் தரும். எலும்பு முன்னால் சறுக்குவதையோ திருகுவதையோ அது தடுக்காது. கம்பி வைத்த விலை அதிகமான பிரேஸ்கூட அறுவைக்குப் பிறகு எல்லோருக்கும் பலன் தருவதாக ஆய்வுகள் காட்டவில்லை. போட்டால் கெடுதல் இல்லை, அதை நம்பி இறங்குவதுதான் கெடுதல். எம்.ஆர்.ஐ. புது ஜவ்வு அதன் இடத்தில் இருக்கிறதா, அறுந்திருக்கிறதா என்று காட்டும். எவ்வளவு தாங்கும் என்று காட்டாது. படத்தில் தெரியும் நிறத்தை வைத்து முதிர்ச்சியைக் கணிக்க முயன்ற ஆய்வுகள் ஒரே முடிவுக்கு வரவில்லை. கால் நழுவுவது, திரும்பத் திரும்ப வீங்குவது என்று ஏதாவது இருந்து மருத்துவர் கேட்டால் எடுங்கள். ஆடலாமா என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும் எடுப்பதாக இருந்தால் அந்தப் பணத்தை ஜிம்முக்கும் முட்டைக்கும் செலவழிக்கலாம்.

நண்பர் ஆபரேஷன் இல்லாமல் ஆடுவது பொய்யாக இருக்காது. ஸ்வீடனில் 121 இளைஞர்களை இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு உடனே அறுவை, மற்றதற்கு முதலில் பயிற்சி, தேவைப்பட்டால் பிறகு அறுவை என்று செய்து பார்த்தார்கள். 2010-இல் வந்த இரண்டு வருட முடிவில், முட்டி எப்படி இருக்கிறது என்று அவர்களே சொன்ன மதிப்பெண்ணில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஐந்து வருடத்தில் இரண்டாவது குழுவில் ஏறக்குறைய பாதிப் பேர் அறுவை செய்துகொண்டார்கள், மீதிப் பாதி இல்லாமலே சமாளித்தார்கள். அந்தப் பாதியில் யார் இருப்பார் என்று முன்கூட்டியே சொல்ல நல்ல வழி இன்னும் இல்லை. உங்கள் நண்பருக்குத் திரும்பும்போது கால் நழுவுகிறது என்றால் ஒவ்வொரு நழுவலும் மெனிஸ்கஸை, அதாவது முட்டிக்குள் மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பு வளையத்தை, தேய்த்துக்கொண்டிருக்கலாம், அவரும் ஒரு முறை காட்டிக்கொள்வது நல்லது. உங்களுக்கு அந்த முடிவு எடுத்தாயிற்று. ஏற்கெனவே அறுவை செய்த காலை, செய்யாத காலோடு ஒப்பிட்டு அவசரப்பட வேண்டாம்.

இனி உங்கள் வேலை ஒன்று. டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஆபரேஷன் குறிப்பையும் எடுத்து, மெனிஸ்கஸை என்ன செய்தார்கள் என்று பாருங்கள். கிழிந்த துண்டை வெட்டி எடுத்திருந்தால் நான் சொன்னவை பெரும்பாலும் பொருந்தும். தையல் போட்டிருந்தால், ஆழமாக உட்காரும் ஸ்குவாட்டும், தரையில் குந்துவதும், பாரத்தோடு முட்டியை முழுதாக மடக்குவதும் எப்போது என்பதை அறுவை செய்தவர்தான் சொல்ல வேண்டும். குருத்தெலும்பில் ஏதாவது செய்திருந்தால் ஓட்டமே இன்னும் தள்ளிப்போகலாம்.

எண்ணெய் போட்டு உருவிவிடுவது, கட்டு கட்டுவது என்று வீட்டில் யாராவது சொன்னால் வீங்கிய முட்டியையும் கெண்டைக்காலையும் தொட விடாதீர்கள். கெண்டைக்கால் திடீரென்று வீங்கி வலித்தால், குறிப்பாக ஆரம்ப வாரங்களில், ரத்தக் கட்டியாக இருக்கலாம். அதை உருவினால் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைக்கக்கூடும். காய்ச்சலோடு முட்டி சிவந்து சூடானாலோ, தழும்பிலிருந்து நீர் வடிந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். பத்தியம் என்று முட்டை, மீன், கறியை நிறுத்தியிருந்தால் இன்றே ஆரம்பியுங்கள், சைவம் என்றால் பருப்பு, சுண்டல், தயிர், பனீர் என்று ஒவ்வொரு வேளையிலும் புரதம் இருக்கட்டும். புகை பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், திசு ஆறுவதை அது நேரடியாகக் கெடுக்கும்.

கடைசியாக அந்த மரப்பு. நாண் எடுக்க வெட்டும் இடத்துக்குப் பக்கத்தில் தோலுக்கு உணர்ச்சி தரும் ஒரு சிறு நரம்புக் கிளை ஓடுகிறது, அது பலருக்கு அடிபடும். மரத்த பரப்பு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கும். சிலருக்கு ஒரு சிறு வட்டம் நிரந்தரமாகத் தங்கிவிடும். அந்த நரம்பு எந்தத் தசையையும் இயக்குவதில்லை, அதனால் காலின் பலமோ ஆட்டமோ பாதிக்காது. முட்டி போடும்போது கூசினால் கீழே ஒரு மெத்தைத் துண்டு வைத்துக்கொள்ளுங்கள்.